கடலோர வீட்டுக்கு வெளிச்சுவர்ப் பலகை: செலவைப் பலகைக்குப் பின்னால் செய்யுங்கள்

கடற்கரைக்குக் கூப்பிடு தூரத்தில் வீடு கட்டியவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தப் பலகை நல்ல பலகை?" என்பதுதான். நிறம், மரக்கோடு, பளபளப்பு எல்லாம் அந்தக் கேள்விக்குள் அடக்கம். சென்னையில் கொட்டிவாக்கம் தொடங்கி ஈஞ்சம்பாக்கம் வரை நான் கழற்றிப் பார்த்த எலிவேஷன் என்னும் வெளிமுகப்புகளில் பலகையே கெட்டு விழுந்தது அரிது. ஸ்க்ரூவின் தலை துருப்பிடித்துத் தனியே உதிர்ந்திருக்கும். பலகையைத் தாங்கும் உலோகச் சட்டத்தை உப்பு அரித்திருக்கும். சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கர் பூச்சோடு பெயர்ந்து வந்திருக்கும். உள்ளே தங்கிய தண்ணீர் படுக்கையறைச் சுவரில் இறங்கியிருக்கும். பலகை மட்டும் நல்ல நிலையில் மண்ணில் கிடக்கும்.

நான் அலுமினிய ஜன்னலில் தொடங்கி வெளிச்சுவர் வேலைக்கு வந்தவள். இங்கே எழுதுவது, கொட்டிவாக்கத்தில் என் அக்கா வீட்டுக் கிழக்குச் சுவருக்குச் செய்த வேலையை வைத்து. இரண்டு மாடி, முப்பது அடி அகலம், இருபது அடிக்குக் கொஞ்சம் மேல் உயரம், ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், நான்கு ஜன்னல், இரண்டு ஏ.சி. இந்த ஊரில் பாதி வீடுகள் இப்படித்தான் இருக்கின்றன. ஆகவே அளவுகளை உங்கள் சுவருக்கு மாற்றிக்கொள்வது சுலபம்.

காற்று எங்கிருந்து, எவ்வளவு

கடலைப் பார்த்த சுவருக்கு மட்டும் பலமான வேலை போதும் என்று அத்தான் வாதிட்டார். சாரலுக்கு அது ஓரளவு சரி. வடகிழக்குப் பருவமழை அந்தப் பக்கத்திலிருந்துதான் அடிக்கிறது. புயலுக்குச் சரியில்லை. நம் பகுதியில் புயல் இடஞ்சுழியாகச் சுற்றும். கிழக்கிலிருந்து நேராக நம்மேல் வரும் புயல் கரையைத் தொடும் முன் வடக்கிலிருந்து அடிக்கும். நடுப்பகுதி கடந்தபின் தெற்கிலிருந்து அடிக்கும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா வந்தபோது நகரம் இதைக் கண்ணால் பார்த்தது: நடுவில் ஓர் அமைதி, பிறகு எதிர்த்திசைக் காற்று. 2022 டிசம்பரில் மாண்டஸ் போல மாமல்லபுரம் பக்கம் கரை கடந்தால் நமக்குக் காற்று கடலிலிருந்தே வரும். ஆகவே நான்கு சுவர்களும் ஏதோ ஒரு புயலில் காற்றைப் பார்த்த சுவராகும். மற்றொன்றில் பக்கச் சுவராகவோ பின்சுவராகவோ இருக்கும்.

பலகையைப் பெயர்ப்பது தள்ளும் காற்று அல்ல, உறிஞ்சும் காற்று. காற்று ஒரு மூலையைச் சுற்றித் திரும்பும்போது பக்கத்துச் சுவரை வெளியே இழுக்கும். கணக்கு கடினமில்லை. இந்தியத் தர விதியான ஐ.எஸ். 875இன் மூன்றாம் பகுதியில் சென்னைக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. ஐம்பதைச் சதுரப்படுத்தி 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1,500 நியூட்டன். ஏறத்தாழ 150 கிலோ. எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று சுமார் மூன்று சதுர மீட்டர். அப்படியானால் ஒரு பலகையை 450 கிலோ இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். உயரம், சுற்றிலும் உள்ள கட்டடங்கள், சுவரில் பலகை இருக்கும் இடம் ஆகியவற்றைப் பொறுத்து இந்த எண் ஏறும், இறங்கும். மூலைகளில் ஏறும். வீட்டின் குறுகிய பக்க அளவில் கால் பங்கு வரை, ஒவ்வொரு மூலையையும் ஒட்டிய பட்டையைத் தனியாகக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அக்கா வீட்டில் அது மூலையிலிருந்து ஏழரை அடி. அந்தப் பட்டைக்குள் எல்லா இடைவெளிகளும் குறையும். மூன்று மாடிக்கு மேல் போனாலோ, வெட்டவெளியில் தனியாக நிற்கும் வீடானாலோ, ஒரு கட்டமைப்புப் பொறியாளரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்துவிடுங்கள்.

எப்போது தொடங்குவது

பொங்கல் முடிந்து சாரம் கட்டினால் நல்லது. தையில் தொடங்கி வைகாசிக்குள் வெளிவேலை முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை தணிந்து சுவர் காய்வதற்குக் கொஞ்ச காலம் வேண்டும் என்பதால் மார்கழியில் அவசரப்பட வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் பலகையும் சட்டமும் தொட முடியாத சூட்டில் இருக்கும். அப்போது இணைப்புகளை அடைக்கும் சீலன்ட் வேலையைக் காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிட வேண்டும். ஆடிக்காற்றில் அம்மி நகருமோ இல்லையோ, சாரத்தின்மேல் இரண்டு பேர் பிடித்திருக்கும் எட்டுக்கு நாலு பலகை நிச்சயம் நகரும். ஆட்களும் அதோடு போவார்கள். ஆடியில் பலகை ஏற்றச் சொல்லி வற்புறுத்தும் வீட்டுக்காரருக்கு நான் வேலை செய்வதில்லை.

முதலில் சுவர்

நோயுள்ள சுவரை மூடினால் நோய் வளரும். பலகை அழகுக்கு வந்ததா, ஈரத்தை மறைக்க வந்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது என்றால் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் சாரம் கட்டக் கூடாது. குளியலறைக் குழாய்க் கசிவு, கைப்பிடிச் சுவரின் தலைவிரிசல், மொட்டைமாடித் தண்ணீர் வெளியேறும் வாய், மழைநீர்க் குழாயின் இணைப்பு ஆகிய இந்த நான்கையும் பார்த்தாலே பெரும்பாலும் ஆள் அகப்பட்டுவிடும்.

சிறிய சுத்தியல் ஒன்றை எடுத்துச் சுவர் முழுவதையும் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்றால் பூச்சு சுவரைப் பிடித்திருக்கிறது. பொத்தென்றால் உள்ளே விட்டுப்போயிருக்கிறது. சாக்பீஸால் வட்டமிட்டு, அந்த இடத்தை உடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுங்கள். தூண், பீம் ஓரமாக நேர்க்கோட்டில் ஓடும் விரிசலும் அதில் செம்பழுப்புக் கறையும் இருந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது என்று பொருள். அதற்குப் பலகை மருந்தல்ல. காரையைக் கொத்தி, கம்பியைச் சுத்தம் செய்து, பழுது பார்க்கும் கலவை போட்டு மூடிய பிறகே அடுத்த வேலை. கடற்கரை வீடுகளில் இதுதான் பெரிய செலவு. தவிர்க்கவும் முடியாது.

ஈரம் போயிற்றா என்று பார்க்க, தெளிவான பாலிதீன் தாளை இரண்டடிக்கு இரண்டடி வெட்டிச் சுவரில் நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு பகலும் ஓர் இரவும் விடுங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்தால் இன்னும் காயவில்லை. உப்புப் பூத்த இடங்களைக் கம்பித் தூரிகையால் உலர்வாகவே தேய்த்து எடுத்துவிட்டு, பிறகு பாலிமர் கலந்த சிமென்ட் நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கை அடியுங்கள். பலகை வந்த பிறகு இந்தச் சுவருக்கு மறுபடி தூரிகை எட்டாது. ஆகவே இதுவே கடைசிப் பூச்சு என்று நினைத்து அடிக்க வேண்டும்.

பலகையைப் பற்றிக் கொஞ்சம்

நான் கடலோரத்துக்கு ஃபைபர் சிமென்ட் பலகையைத்தான் பரிந்துரைக்கிறேன். கரையான் தின்னாது, தீப்பிடிக்காது, உப்புக்கு அசையாது. ஐ.எஸ். 14862 தரத்தில் வெளிப்புற உபயோகத்துக்கான வகை வேறு, உள் அலங்காரத்துக்கான வகை வேறு; கடைக்காரர் ஃபால்ஸ் சீலிங்குக்கு வைத்திருக்கும் மெல்லிய பலகையைத் தள்ளிவிடப் பார்ப்பார். வெளிப்புற வகை, 8 மி.மீ. அல்லது 10 மி.மீ. என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

ஏ.சி.பி. (இரண்டு அலுமினியத் தாளுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்த) தகடு வேண்டும் என்பவர்கள் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நடுப்பகுதி எரியக்கூடியது என்பதை அறிந்து வாங்குங்கள். அதை இரட்டைப்பக்க டேப்பிலும் சிலிக்கானிலும் ஒட்டிவிட்டுப் போகும் பழக்கம் இங்கே நிறைய உண்டு. பி.வி.சி. பலகை கருநிறத்தில் வாங்கினால் சித்திரை வெயிலில் நெளியும். மரம் மிக அழகு. ஆண்டுதோறும் எண்ணெய் பூசும் பொறுமை உள்ளவர்களை நான் இதுவரை சந்திக்கவில்லை.

ஸ்க்ரூ, ஸ்க்ரூ, ஸ்க்ரூ

இந்தப் பகுதியைத் தயவுசெய்து தாண்ட வேண்டாம்.

கடைக்குப் போய் "துருப்பிடிக்காத ஸ்க்ரூ" என்றால் மூன்று வகையைக் காட்டுவார்கள். முதலாவது, மஞ்சளாகவோ வெள்ளியாகவோ முலாம் பூசிய இரும்பு. கடலைவிட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் பல வருடம் உழைக்கும். கடற்கரையில் அடுத்த மழைக்காலம் முடியும் முன் தலையிலிருந்து செம்பழுப்புக் கண்ணீர் வடிக்கும். இரண்டாவது, தானே துளையிட்டுக்கொள்ளும் நுனியுள்ள 410 ரகம். அதுவும் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) தான், பெட்டியிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கும். ஆனால் கடினப்படுத்துவதற்காகச் செய்த அந்த எஃகு உப்புக்காற்றில் துருப்பிடிக்கும். மூன்றாவது, 304, 316 ரகங்கள். இந்த இரண்டில் 316இல் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால், உப்பிலுள்ள குளோரைடு ஊசிமுனைத் துளைகளாக அரிப்பதை அது வெகுநேரம் தாங்கும். கடலிலிருந்து சில தெரு தூரத்துக்குள் வீடு இருந்தால் 316 மட்டுமே. விலை பல மடங்கு அதிகம் என்பது உண்மை. மொத்த வேலையின் செலவில் அது ஒரு சிறு பகுதி என்பதும் உண்மை.

பாரிமுனையில் ஸ்க்ரூ வாங்கப் போகும்போது பையில் ஒரு காந்தம் வைத்துக்கொள்வேன். "அக்கா, எல்லாம் எஸ்.எஸ். தான், காந்தம் எதற்கு?" என்று கேட்கும் கடையிலும் வைத்துப் பார்ப்பேன். 410 காந்தத்தில் தாவி ஒட்டும். 304, 316 ஒட்டாது, அல்லது தலைப்பகுதி மட்டும் சோம்பலாக ஒட்டும். ஆனால் 304ஐயும் 316ஐயும் காந்தத்தால் பிரித்தறிய முடியாது. அதற்கு மாலிப்டினம் சோதிக்கும் சொட்டுமருந்து உண்டு. ஒரு துளி விட்டால் நிறம் மாறுவதில் தெரிந்துவிடும். பெட்டி பெட்டியாக வாங்குபவர்கள் ஒரு பாட்டில் வாங்கி வைக்கலாம். மற்றவர்கள் ஆலைச் சான்றிதழ் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டத்துக்கு நான் 6063 ரக அலுமினியப் பெட்டிக் குழாய், 2 மி.மீ. சுவர்த்தடிப்பு, எடுக்கிறேன். ஃபால்ஸ் சீலிங் சட்டமாக விற்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) சேனலை வெளிச்சுவரில் போடாதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு மெல்லியது, வெட்டிய முனைகளில் பூச்சே கிடையாது. இரும்புக் குழாய்தான் வேண்டும் என்றால் வெட்டி, வெல்டு வைத்து முடித்த பிறகு முழுதாகச் சூட்டு முலாமில் முக்கி எடுத்து வாருங்கள். முலாம் போட்ட பிறகு வெல்டு வைத்து, மேலே வெள்ளிப் பெயின்ட் அடிப்பது கண்துடைப்பு.

இரண்டு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் ஒன்று மற்றொன்றைத் தின்னும். அலுமினியத்தில் எஸ்.எஸ். ஸ்க்ரூ சிறிய பரப்பு என்பதால் சமாளிக்கும். இருந்தும் தலைக்கடியில் ஈ.பி.டி.எம். ரப்பர் வாஷர் போடுங்கள். அலுமினியம் நேராகச் சிமென்டைத் தொடக் கூடாது, ஈரச் சிமென்டின் காரம் அதை அரிக்கும். இடையில் பிளாஸ்டிக் தகடு வையுங்கள். ஏ.சி.யின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் அலுமினியத்தின்மேல் விழவே கூடாது. அந்தச் சொட்டு விழும் இடத்தில் குழிக்குழியாக அரித்திருப்பதைப் பல வீடுகளில் காட்ட முடியும்.

இன்னொன்று. துரு முதலில் வருவது மழை அடிக்கும் வெட்டவெளியில் அல்ல. சன்ஷேட்டுக்கு அடியில், பால்கனிக் கூரைக்கு அடியில் வரும். வெளியே படிந்த உப்பை மழை கழுவிவிடுகிறது. அடியில் படிந்தது அங்கேயே தங்கி, ராத்திரி ஈரத்தில் ஊறி, பகலில் காய்ந்து, மறுபடி ஊறுகிறது. "அங்கேதான் மழையே படாதே" என்று அந்த இடங்களுக்கு மலிவு ஸ்க்ரூ போடுபவர்கள் நடப்புக்கு நேர் எதிராகச் செய்கிறார்கள்.

சட்டமும் இடைவெளியும்

பலகையைக் குடை என்று நினையுங்கள்; நனையாமல் காப்பதே அதன் வேலை, தண்ணீர் அறவே புகாமல் தடுப்பது அல்ல. இணைப்புகளில் கொஞ்சம் உள்ளே வரத்தான் செய்யும். வந்தது இறங்கி வெளியேறவும், மிச்ச ஈரம் காற்றில் காயவும் பலகைக்கும் சுவருக்கும் இடையே 25 மி.மீ. வெற்றிடம் விடுகிறோம். அதனால் சட்டம் எப்போதும் செங்குத்தாகத்தான் ஓட வேண்டும். படுக்கைச் சட்டம் போட்டால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாகித் தண்ணீரைப் பிடித்து வைக்கும். செங்குத்துக் கோடுள்ள டிசைனுக்காகப் படுக்கைச் சட்டம் வேண்டும் என்றால் சுவரில் முதலில் செங்குத்தாக ஒரு வரிசை, அதன்மேல் படுக்கையாக ஒரு வரிசை என்று இரண்டடுக்காகச் செய்யுங்கள்.

வெற்றிடத்தின் கீழ்வாயும் மேல்வாயும் திறந்திருக்கும். அங்கே பூச்சி, எலி புகாமல் எஸ்.எஸ். வலை. வீட்டின் மூலையில் மட்டும் வெற்றிடத்தைச் செங்குத்தாக ஒரு தகடு வைத்து அடைத்துவிடுங்கள். அடைக்காவிட்டால், கிழக்குச் சுவருக்குள் புகுந்த காற்று மூலையைத் தாண்டி உறிஞ்சப்படும் தெற்குச் சுவரின் பலகையை உள்ளிருந்தும் தள்ளும். வெளியே இழுப்பு, உள்ளே தள்ளு இரண்டும் சேர்ந்தால் எந்த ஸ்க்ரூவும் பாவம்.

நான்கடிப் பலகை 1220 மி.மீ. அதை இரண்டாகப் பகுத்தால் 610, மூன்றாகப் பகுத்தால் 407. சுவரின் நடுப்பகுதியில் 610க்கு ஒரு சட்டம். மூலைப் பட்டைகளிலும் கைப்பிடிச் சுவரை ஒட்டிய மேல்வரிசையிலும் 407க்கு ஒன்று. தூக்குக்குண்டு தொங்கவிட்டு ஒவ்வொரு சட்டத்தையும் நேராக்குங்கள். நம் ஊர்ச் சுவர் இருபது அடியில் ஓர் அங்குலம் சாய்ந்திருப்பது சர்வசாதாரணம். பின்னால் பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கிச் சரிக்கட்ட வேண்டும், ஆங்கரை முடுக்கிச் சட்டத்தை வளைத்து அல்ல.

அலுமினியம் சூட்டில் நீளும். மூன்று மீட்டர்ச் சட்டம் விடியற்காலைக்கும் நடுப்பகலுக்கும் இடையே நாற்பது டிகிரி ஏறினால் கிட்டத்தட்ட 3 மி.மீ. நீள்கிறது. ஆகவே மாடிக்கு மாடி சட்டத்தை வெட்டி 10 மி.மீ. இடம் விடுங்கள். ஒவ்வொரு சட்டத்திலும் நடுவில் ஓர் ஆங்கரை இறுக்கமான துளையிலும் மற்றவற்றை நீள்துளையிலும் போட்டால் சட்டம் இருபுறமும் தாராளமாக நகரும். அந்த 10 மி.மீ. வெட்டுக்குக் குறுக்கே ஒரே பலகை வரக் கூடாது. வந்தால் இரண்டு சட்டங்களும் அதை இரண்டு பக்கம் இழுத்து விரிசல் விடும்.

ஆங்கர் கணக்குக்கு வருவோம். நடுப்பகுதிப் பலகை ஒன்றில் சுமார் முப்பத்தைந்து ஸ்க்ரூ இருக்கும். 450 கிலோவை அவை பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் சுமார் பதின்மூன்று கிலோதான். ஆனால் சட்டத்தைச் சுவரோடு பிடிக்கும் ஆங்கரோ மிகக் குறைவு. 610க்கு ஒரு சட்டம், அதில் 600க்கு ஓர் ஆங்கர் என்றால் ஒவ்வொன்றும் 55 கிலோ சுமக்கிறது. மூலைகளில் இதைவிடக் கூடுதல். எல்லோரும் ஸ்க்ரூவை எண்ணுகிறார்கள், அறுவது ஆங்கரில். ஆகவே நடுப்பகுதியில் 600, மூலைப் பட்டையில் 400 என்று வையுங்கள். நைலான் உறையும் எஸ்.எஸ். ஆணியும் உள்ள நீண்ட ஃபிரேம் ஆங்கர் எடுங்கள். பூச்சின் தடிப்பைக் கணக்கில் சேர்க்காதீர்கள். பூச்சைத் தாண்டிச் செங்கலுக்குள் குறைந்தது 60 மி.மீ. இறங்க வேண்டும். செங்கலின் நடுவில் துளையிடுங்கள், கலவை இணைப்பில் அல்ல. ஹாலோ பிளாக், ஏ.ஏ.சி. (நுரைக் கான்கிரீட் கல்) சுவர்களில் டிரில்லின் சுத்தியல் இயக்கத்தை நிறுத்திவிட்டுச் சுழற்சியில் மட்டும் துளையிடுங்கள். அவற்றுக்கான ஆங்கரே வேறு. பழைய மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளின் சுண்ணாம்புச் சுவரானால் இழுவைச் சோதனை செய்யாமல் ஒரு சட்டமும் ஏற்றாதீர்கள். சோதனைக்கருவியோடு வந்து பார்த்துத்தரும் ஆங்கர் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், கேட்டால் வருவார்கள்.

வெட்டுதல், ஏற்றுதல்

பலகையை வெட்டும்போது பறக்கும் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் தங்கினால் திரும்பி வராது. அதனால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய்க்கு மருந்து இல்லை. கிரைண்டரை வைத்து உலர்வாக அறுத்துக்கொண்டு, முகத்தில் துண்டு கட்டியிருக்கும் தம்பிகளைச் சென்னையில் எங்கும் பார்க்கலாம். துண்டு தூசியை வடிகட்டாது. என்95 முகக்கவசம் வாங்கிக் கொடுங்கள், தண்ணீர் ஊற்றி அறுக்கச் சொல்லுங்கள், அல்லது மெல்லிய பலகையைக் கீறி ஒடிக்கச் சொல்லுங்கள். வீட்டுப் பிள்ளைகளையும் துணி உலர்த்தும் கொடியையும் அந்தப் பக்கம் வைக்காதீர்கள்.

8 மி.மீ. முழுப்பலகை முப்பது கிலோவுக்கு மேல். இரண்டு பேர் நிறுத்தித் தூக்க வேண்டும். படுக்கையாகத் தூக்கினால் நடுவில் ஒடியும். வெட்டிய ஓரங்கள் அனைத்திலும், பின்பக்கத்திலும், மேலேற்றும் முன்பே அக்ரிலிக் பிரைமர் அடித்துக் காயவையுங்கள். ஓரம்தான் தண்ணீரைக் குடிக்கும் வாய். மேலே ஏற்றிய பிறகு அங்கே தூரிகை போகாது.

ஸ்க்ரூ போட, பலகையில் 6 மி.மீ. துளை, 4.8 மி.மீ. ஸ்க்ரூ, துளையை முழுதாக மூடும் அகலத் தலை. பலகையும் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும். துளை தாராளமாக இருந்தால்தான் விரிசல் விழாது. ஓரத்திலிருந்து குறைந்தது 15 மி.மீ., மூலையிலிருந்து 50 மி.மீ. உள்ளே. ஓரச் சட்டங்களில் 200 மி.மீ.க்கு ஒன்று, நடுச் சட்டத்தில் 300க்கு ஒன்று. மூலைப் பட்டையில் எல்லாச் சட்டத்திலும் 200. உங்கள் பலகையோடு வரும் கையேடு இதைவிட நெருக்கமாகச் சொன்னால் அதைப் பின்பற்றுங்கள். இழுத்து முடுக்க வேண்டாம். தலை பலகையைத் தொட்டு வாஷர் லேசாக அமுங்கினால் போதும். புதைந்துபோன தலை புயலில் பலகையைக் கிழித்துக்கொண்டு வரும். பலகைக்கும் பலகைக்கும் இடையே 6 மி.மீ. இடம், பின்னால் சட்டத்தின்மேல் ஈ.பி.டி.எம். பட்டை.

கீழ்வரிசை தரையிலிருந்து குறைந்தது 150 மி.மீ. மேலே தொடங்க வேண்டும். நான் பேஸ்மட்டத்துக்கு மேலேதான் தொடங்குகிறேன். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. பெய்த ஊர் இது. தெருவில் தேங்கும் தண்ணீர் பலகையின் அடிவாயைத் தொடாமல் இருப்பது நல்லது. கரையான் மண்கோடு கட்டினாலும் அந்த வெற்றுப் பட்டையில் கண்ணுக்குத் தெரியும்.

ஜன்னல், சன்ஷேட், ஏ.சி.

சன்ஷேட் சுவரைச் சந்திக்கும் மேல்மூலைதான் நம் வீடுகளின் பலவீனம். மேலே வழியும் தண்ணீர் முழுவதும் அங்கே வந்து நிற்கும். பலகையை சன்ஷேட்டின்மேல் உட்காரவைக்காமல் 15 மி.மீ. தூக்கி நிறுத்துங்கள். அதன் பின்னால், சுவரில் 100 மி.மீ. ஏறி, சன்ஷேட்டின்மேல் வெளிச்சரிவாக இறங்கும் அலுமினியத் தகடு ஒன்றை, நீர்த்தடுப்புப் பூச்சோடு ஒட்டுமாறு வையுங்கள். சன்ஷேட்டுக்கே வெளிச்சரிவு இல்லையென்றால் முதலில் சரிவுப் பூச்சு போடுங்கள். சன்ஷேட் இல்லாத ஜன்னலுக்குத் தலைக்குமேல் இதே தகடு. இரண்டு முனையும் ஜன்னலைத் தாண்டி நீளட்டும், முனைகளை மேல்நோக்கி மடித்துவிடுங்கள். தகடுகள் எல்லாவற்றிலும் விதி ஒன்றே: மேலே இருப்பது கீழே இருப்பதன்மேல் கவிய வேண்டும். இதை மாற்றி வைத்துவிட்டுச் சிலிக்கானால் அடைப்பவர்களுக்குச் சம்பளம் கொடுக்காதீர்கள்.

ஏ.சி. வெளி யூனிட்டின் தாங்கியைப் பலகையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். சுவரில் ஆங்கர் போட்டு, வெற்றிடத்தின் ஆழத்துக்கு எஸ்.எஸ். குழாய்த்துண்டு கோத்து, பலகையில் அதற்கெனத் தாராளமான துளை விட்டு மாட்ட வேண்டும். டிஷ், கேமரா, விளக்கு, கொடிக்கம்பி எல்லாவற்றுக்கும் இதே வழி. இன்று தேவையில்லை என்றாலும், எங்கே வரலாம் என்று யோசித்து இப்போதே சுவரில் தாங்கிகளை வைத்துவிடுங்கள். பலகை ஏறிய பிறகு வரும் கேபிள்காரர் எதையும் யோசிக்காமல் துளை போடுவார். மழைநீர்க் குழாயைப் பலகைக்குப் பின்னால் ஒளிக்கக் கூடாது, அடைத்துக்கொண்டால் தெரியாது.

கைப்பிடிச் சுவரின் தலை மொட்டைமாடிப் பக்கம் சரிவாக இருக்கட்டும். அதன்மேல் தகடோ கிரானைட்டோ பலகைக்கு வெளியே 40 மி.மீ. நீண்டு, அடியில் சொட்டுக்கோடு (தண்ணீர் சுவர்ப்பக்கம் ஓடாமல் சொட்டவைக்கும் பள்ளம்) வெட்டியிருக்க வேண்டும். மேல்வாயின் காற்றோட்ட இடைவெளி இந்த நீட்டலுக்கு அடியில் மறைந்திருக்கும்.

சீலன்ட், பெயின்ட்

வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை வாங்காதீர்கள். அது உலோகத்தை அரிக்கும், சிமென்டில் நிற்காது. நியூட்ரல் சிலிக்கான் அல்லது பாலியூரிதேன். பெயின்ட் அடிக்கப்போகும் இணைப்புக்குப் பாலியூரிதேன், ஏனென்றால் சிலிக்கான்மேல் பெயின்ட் ஒட்டாது. ஜன்னல் ஓரத்துக்கு நுரைக்கயிறு வைத்துப் பிறகு அடியுங்கள். கீழ்வாயை அடைக்கும் ஆர்வக்கோளாறு எல்லா ஆட்களுக்கும் உண்டு. பக்கத்தில் நின்று தடுங்கள். பெயின்ட், முழு அக்ரிலிக் வெளிப்புற ரகம், இரண்டு கை, வெளிர்நிறம்.

பிறகு

ஆண்டுக்கு இரண்டு தடவை நல்ல தண்ணீரால் கழுவுங்கள்: புரட்டாசியில் ஒன்று, பங்குனியில் ஒன்று. போர்த்தண்ணீர் உப்பாக உள்ள தெருக்களில் லாரித் தண்ணீரோ மழைநீரோ பிடித்து வையுங்கள். தோட்டக்குழாய் போதும், பிரஷர் வாஷரை இணைப்புகளில் குத்தாதீர்கள். சன்ஷேட்டின் அடிப்பக்கத்தை மறக்க வேண்டாம். புரட்டாசிக் கழுவலின்போதே ஏணி வைத்து மூலைப் பட்டைகளில் பலகையைக் கையால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அந்த வரிசையின் ஆங்கரைப் பாருங்கள், ஸ்க்ரூவை மேலும் முடுக்கிச் சமாளிக்காதீர்கள். கீழ்வாய் வலையில் தூசியும் சிலந்திக்கூடும் அடைத்திருந்தால் தூரிகையால் எடுத்துவிடுங்கள். புயல் போன மறுநாளும் இதே சுற்று ஒன்று.

வாங்கும்போதே மூன்று பலகையும் ஒரு பெட்டி ஸ்க்ரூவும் கூடுதலாக வாங்குங்கள். சில வருடம் கழித்து அதே மரக்கோடு கிடைக்காது. பலகைகளைப் படுக்கையாக, சமமான கட்டைகளின்மேல், ஈரம் படாத இடத்தில் வையுங்கள். மாடிப்படிக்கு அடியில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். பெயின்டின் நிற எண், ஸ்க்ரூவின் ரகம், சட்டங்கள் ஓடும் இடங்களைக் காட்டும் அளவுப் படம், மூடும் முன் எடுத்த புகைப்படங்கள் எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிடுங்கள். அக்கா அதைச் சமையலறை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறாள், ஏ.சி. மாற்ற வருபவர்களுக்குக் காட்ட அதுவே வசதி என்கிறாள்.